ரெங்கசாமி மச்சானுக்குப் பசி வந்த கதை

எங்கள் ஊரில் ரெங்கசாமி மச்சானின் வயிறு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. கண்மாய், களத்துமேடு, கோயில் திடல் மாதிரி அதுவும் ஊருக்குப் பொது. அதைக் கெடுத்ததும் ஊர்தான், கெட்ட பிறகு ஆளுக்கொரு கசாயத்தோடு வந்து நின்றதும் ஊர்தான். நான் அவருடைய மச்சினன், அவர் மனைவி அழகி அக்காவின் தம்பி, பெயர் சிவபிரகாஷ். கறம்பக்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கதை முழுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான்தான் என்பதால், சொல்கிற உரிமையும் எனக்குத்தான் உண்டு.

எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆம்பிளைகள் மஸ்கட், துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஆட்கள் போனார்களே தவிர விசேஷங்கள் போகவில்லை. காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு, வீடு குடிபோவது என்று வாரம் தவறாமல் எங்கேயாவது பந்தல் நிற்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி விசேஷத்துக்கு வந்து தலையைக் காட்டினால் போதாது, கை நனைக்க வேண்டும். அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போனால் மனதில் ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சண்டை வந்தால் இனி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதுதான் முதல் வார்த்தை. சமாதானம் ஆவதற்குப் பேச்சு எதுவும் வேண்டாம், ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் முடிந்தது.

மஸ்கட்டில் இருக்கிற ஆண்டிச்சாமி இங்கே எப்படிக் கை நனைப்பார்? அதற்குத்தான் ரெங்கசாமி மச்சான். சொந்தத் தொழில் விவசாயம், கடலையும் சோளமும் போடுவார். தங்கமான மனுஷர். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. முதலில் ஆண்டிச்சாமி ஒருவருக்காகத்தான் பந்திக்குப் போனார். அடுத்த வருஷம் துபாய்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு சிங்கப்பூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மேலத்தெருவில் காதுகுத்து, நம் சார்பாகக் கை நனைத்துவிடுங்கள் என்று வாட்சப்பில் குரல் வரும். மச்சான் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பந்தலுக்குள் நுழைந்ததும் இன்னார் இன்னாருக்காக வந்திருக்கிறேன் என்று விசேஷக்காரரிடம் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை. விசேஷக்காரர் சும்மா விடுவாரா? இது ஆண்டிச்சாமிக்கு, இது அவர் தம்பிக்கு, இது துபாய்க்கு என்று கறியை அள்ளி அள்ளி வைப்பார். ஆண்டிச்சாமி வீடியோ காலில் வந்து இலையைக் காட்டச் சொல்வார். எலும்பு கடிக்கிற சத்தம் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அங்கே அந்த மனுஷர் காய்ந்த குப்பூஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பார், இங்கே மச்சான் அவருக்கும் சேர்த்து ஏப்பம் விடுவார். நான் கேலி செய்தால், போகட்டும் மாப்பிள்ளை, நாலு பேர் மனசு நிறைகிறதே என்பார்.

நாலு பேர் மனசு நிறைந்ததில் ஒருவர் மனசு முறிந்துபோனது. மச்சானுக்கு ஒரே அக்கா, ராசாத்தி. ஆவுடையார்கோவிலுக்கு அந்தப் பக்கத்தில் வாக்கப்பட்டவர். தாயில்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி ஆளாக்கியவர் அவர்தான். அவர் மகள் சிவரஞ்சனி வயதுக்கு வந்து சடங்கு வைத்தபோது, தாய்மாமன் என்ற முறையில் மச்சானுக்குத்தான் முதல் இலை. மச்சான் சீர்வரிசையோடு போனார். போகிற வழியிலேயே ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் துபாய்க்காரர்களுக்காக இரண்டு பந்தியை முடித்துவிட்டுப் போனார். அக்கா வீட்டு இலையில் உட்கார்ந்தபோது தொண்டை வரைக்கும் அடுத்தவர் வீட்டுச் சோறு நின்றது. இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது இறங்கவில்லை. சோறும் கறியும் குவிந்திருந்த இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார்.

தாய்மாமன் நிறைந்த இலையை மடிப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராசாத்தி மதினி கறிவாளியைப் பிடித்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் நனையிற கை, எங்க வீட்டுல மட்டும் காஞ்சு போச்சா தம்பி?"

வயிறு நிறைந்திருக்கிறது என்று மச்சான் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்கு வருகிற நாளில் எவன் வீட்டில் நிறைத்துக்கொண்டாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து வாயே திறக்காமல் வண்டி ஏறிவிட்டார். அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. பிறகு சிவரஞ்சனிக்குக் கல்யாணம் நடந்தது. மச்சான் போய்த் தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். ஆனால் சாப்பிட வா என்ற வார்த்தை அக்காவின் வாயிலிருந்து வரவில்லை. அது வராமல் பந்தியில் உட்கார இவருக்கும் மனம் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். காற்றில் தூசி விழுந்துவிட்டது என்றார், நானும் ஆமாம் என்றேன்.

இந்த வருஷம் வைகாசியில் முகூர்த்தம் கொஞ்சநஞ்சமில்லை. மாதம் முழுக்க மச்சான் பந்தி பந்தியாக உட்கார்ந்து எழுந்தார். மாதக் கடைசியில் வயிறு வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டது. ஒரு இட்லி தின்றால் ஒரு மூட்டை தின்றது மாதிரி ஊதும். நெஞ்சு எரியும். ஏப்பம் வந்தால் வரிசையாக வரும், வராவிட்டால் வரவில்லையே என்று கவலை வரும். காலைக்கடன் முடித்துவிட்டு வரும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் அழகி அக்கா அன்றைய சமையலை முடிவு செய்வாள். பெரும்பாலும் அந்த முகத்தில் நல்ல சேதி இருக்காது.

புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள், நேரத்துக்கு அளவாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த மனுஷர் சொன்னதுதான் கடைசியில் பலித்தது. ஆனால் கசப்பாக ஒன்றும் எழுதித்தராத டாக்டரை எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? மச்சான் வெளியே வந்ததும், பெரிய வியாதி போலிருக்கிறது, அதனால்தான் மறைக்கிறார் என்றார்.

அந்தச் சமயம் பார்த்து சிவரஞ்சனி போன் செய்தாள். அவள் பிள்ளைக்கு ஆவணியில் அய்யனார் கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்து, கிடாவெட்டு. மாமா அவசியம் வர வேண்டும் என்றாள். மச்சான் சரி தாயி, சரி தாயி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் வைப்பதற்கு முன்னால் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாள்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க மாமா. தம்பி வந்து வயிறாரச் சாப்புட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்னு."

மச்சான் போனை வைத்தார். பிறகு வயிற்றைத் தடவினார். அக்கா இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிடுகிறாள். அவள் கேட்பது ஒரே ஒரு இலைச் சோறு. இவருக்கோ அரை இட்லி இறங்கவில்லை. இந்தத் தடவையும் இலையை மடித்தால் இனி ஜென்மத்துக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. எப்படியாவது எனக்குப் பசியை உண்டாக்குங்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டார். கேட்ட இடம் தப்பு. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் வயிற்று வைத்தியம் தெரியாத ஆளே கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து இஞ்சிச் சாறு வரும், தேன் விட்டு. அது இறங்குவதற்குள் இன்னொரு வீட்டு ஓமத் தண்ணீர். பத்து மணிக்கு வெந்தயம் ஊறிய மோர், மத்தியானம் பிரண்டைத் துவையல், சாயங்காலம் சுக்குக் காப்பி, படுக்கப் போகும்போது கடுக்காய்ப் பொடி. பிரண்டை கொடுத்த மகராசி நாரும் உரிக்கவில்லை, எண்ணெயில் சரியாக வதக்கவும் இல்லை. மச்சானுக்கு நாக்கு அரித்து, கரண்டிக் காம்பால் நாக்கைச் சொறிந்துகொண்டு தெருவில் நடந்தார். அது நல்ல அறிகுறி, மருந்து வேலை செய்கிறது என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தாள்.

ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல சரக்குதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் ஒரே நாளில் கொட்டினால் அது என்ன செய்யும்? பாதி மருந்து இளக்குவதற்கு, பாதி மருந்து கட்டுவதற்கு. ஒருவர் மாதுளை ஓட்டை அரைத்துக் கொடுத்துவிட்டுப் போன அரை மணி நேரத்தில் இன்னொருவர் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். யார் மனமும் நோகக் கூடாது என்று மச்சான் இரண்டையும் குடித்தார். மருந்திலும் கை நனைக்கிறார் இந்த மனுஷர். அன்றைக்கு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடிய ஓட்டத்தை இங்கே விவரிக்கப்போவதில்லை, அழகி அக்கா என்னைக் கொன்றுவிடுவாள்.

குடலேற்றமாக இருக்கும் என்று ஒருவர் கிளப்பிவிட்டதால், எண்ணெய் போட்டுக் குடல் தட்டுகிற அடைக்கலமேரியிடமும் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் மச்சானைப் பாயில் மல்லாத்திப் படுக்கவைத்து, தொப்புளைச் சுற்றி எண்ணெய் வைத்து அழுத்திப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். குடல் மேலே ஏறுவதற்கு உள்ளே இடம் வேண்டுமே, இங்கே ஒரு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடமில்லை என்றார். காணிக்கையாகக் கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை எங்களிடமே திருப்பிக் கொடுத்து, இதையும் இந்த ஆளுக்குக் கொடுத்துவிடாதே என்று என்னைத் தனியாக எச்சரித்தார்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டியது ஹரிணி, மச்சானின் மகள். புதுக்கோட்டையில் உணவும் சத்தும் சம்பந்தப்பட்ட படிப்பு படிக்கிறாள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தவள் ஜன்னல் திட்டில் நின்ற சீசாக்களையும் டப்பாக்களையும் பார்த்துவிட்டு, அப்பா வயிறா, நாட்டுமருந்துக் கடையா என்று கேட்டாள். சீரகத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் இப்போதைக்கு வைத்தியம் என்றாள். குடலுக்குள் நமக்கு உதவி செய்கிற பாக்டீரியா கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, ஒரு ஊரே உள்ளே இருக்கிறது, நீங்கள் மூச்சுவிடாமல் கறியையும் மசாலாவையும் கொட்டி அவற்றைத் திணற அடிக்கிறீர்கள் என்று பாடம் எடுத்தாள். மச்சான் முகம் வெளிறிவிட்டது.

"அம்புட்டுப் பேருக்கும் நான்தான் கை நனைக்கணுமா ஆத்தா?"

ஹரிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதற்குத்தான் பழைய சோறு என்றாள். காலையில் மோர் ஊற்றிய பழைய சோறும் சின்ன வெங்காயமும். மத்தியானம் அளவாகச் சோறு, கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய் என்று ஏதாவது நார் உள்ள காய். பொழுது சாய்வதற்குள் இரண்டு இடியாப்பம். நடுவில் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. வாயில் போட்டதை நன்றாக மென்றுவிட்டு விழுங்க வேண்டும். கடலை போட்ட கொல்லைக்காட்டுக்கு வண்டியில் போகாமல் நடந்து போக வேண்டும். கடைசிச் சட்டம்தான் ஊரையே உலுக்கியது. ஆவணி வரைக்கும் யாருக்காகவும் பந்தியில் உட்காரக் கூடாது.

மஸ்கட்டில் கலவரமே வந்துவிட்டது. ரெங்கசாமி அண்ணன் சாப்பிடாவிட்டால் நான் ஊரில் இல்லாத மாதிரி ஆகிவிடுமே என்று ஆண்டிச்சாமி நீளநீளமாகக் குரல் அனுப்பினார். துபாய்க்காரர்கள் வேறு ஆள் பார்க்கலாமா என்று யோசித்து, என்னைக் கேட்டார்கள். நான் கடையைப் பூட்டிக்கொண்டு ஒளிந்தேன். மச்சான் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் தவிப்பதைப் பார்த்து ஹரிணியே போனை வாங்கிப் பதில் அனுப்பினாள்.

"அப்பா வயிறு லீவுல இருக்கு சித்தப்பா. ஒங்களுக்கு வருஷத்துக்கு ஒருக்கா லீவு இருக்குல்ல, அந்த மாதிரி."

லீவு என்றதும் ஆண்டிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. லீவின் அருமை அவருக்குத் தெரியாதா? அண்ணனை நன்றாக ஓய்வெடுக்கச் சொல் என்று பதில் வந்தது. மச்சான் முதல் வாரம் தண்டனைக் கைதி மாதிரி இருந்தார். அவரைக்காயை மெல்லும்போது தெருவில் போகிற எல்லோரையும் பரிதாபமாகப் பார்ப்பார். அடுத்தடுத்த வாரங்களில் ஊதல் குறைந்தது, நெஞ்சு எரியவில்லை. ஒருநாள் காலையில் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அழகி அக்கா அன்றைக்கு எனக்குப் போன் செய்து அந்தச் சேதியைச் சொன்னாள், பிள்ளை பாஸாகிவிட்டான் என்று சொல்கிற குரலில்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தார். கறம்பக்குடிச் சந்தைக்கு வந்தவர், நேராக என் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் லேசாக வேர்வை. வயிற்றுக்குள் ஏதோ சுண்டி இழுக்கிறது, உள்ளே யாரோ பேசுகிற மாதிரி சத்தம் கேட்கிறது, கை வேறு நடுங்குகிறது, இது வேறு ஏதோ பெரிசு மாப்பிள்ளை என்றார்.  பிரித்துப்போட்ட போனை அப்படியே விட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். போகும்போதே அக்காவைப் பார்க்காமல் போய்விடுவேனா என்று என் காதில் கேட்டுக்கொண்டே வந்தார்.

அங்கே நர்ஸம்மா பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வலி இல்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். விடிந்ததும் பழைய சோறு என்றார் மச்சான். அப்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நர்ஸம்மா காதிலிருந்து குழலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இதுக்குப் பேரு பசி. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்புடுங்க."

 மச்சான் பசியா, பசியா என்று இரண்டு மூன்று தரம் கேட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷமாகப் பசிப்பதற்கு முன்னாலேயே யாருக்காவது சாப்பிட்டுப் பழகியவர், சொந்தப் பசியின் முகமே மறந்துபோயிருந்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். வண்டியில் ஏறி வீடு வரைக்கும், பசிக்குது மாப்ளே, நல்லாப் பசிக்குது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆவணிக் கிடாவெட்டு அன்றைக்கு அழகி அக்காவும் ஹரிணியும் பஸ்ஸில் போனார்கள். மச்சான் என்னோடு வண்டியில் வந்தார். காலையில் ஒரு டம்ளர் நீர்மோர் மட்டும்தான், அதுவும் பாதி டம்ளர் போதும் என்று அடம். அக்கா வீட்டுச் சோற்றுக்கு வயிற்றில் முழு இடம் வேண்டும் என்றார். ஆலங்குடியில் சொந்தக்காரர் ஒருவர் மறித்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். என் வாழ்நாளில் முதல் தடவையாக மச்சான் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டேன். அறந்தாங்கியில் பிரியாணிக் கடை வாசலைக் கடக்கும்போது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதைத் தாண்டிய பிறகு துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

"மாப்ளே, அக்கா கையால போடுவாங்களா? வேற ஆள விட்டுப் போடுவாங்களா?"

எனக்கென்ன தெரியும்? வண்டியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

அய்யனார் கோயில் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. ராசாத்தி மதினி தூரத்தில் நின்று வாங்க என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாமிக்கு விட்ட கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தித் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் வெட்டலாம். அந்தக் கிடாவோ சாவகாசமாக நின்று வேப்பிலையைத் தின்றது. மறுபடியும் தெளித்தார்கள். அது எங்களைப் பார்த்துத் தாடையை அசைத்தது. பூசாரி என்ன குறை, சொல்லு சாமி என்று அருள்வாக்குக் கேட்க ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் மச்சானின் வயிறு பதில் சொல்வது போல உறுமியது. இரண்டு கிழவிகள் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, சாமியை விட்டுவிட்டு அந்தக் கிடாவிடமே வேண்டினார் என்று நினைக்கிறேன். ஒருவழியாக அது தலை முதல் வால் வரை உதறியதும் கூட்டம் குலவையிட்டது.

பிறகு உரித்து, வெட்டி, வெந்து இறங்கும் வரைக்கும் மச்சான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குழம்பு கொதிக்கிற பக்கம் போவார், தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டு திரும்பி வருவார். முதல் பந்தியில் எங்களை உட்காரவைத்தார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வந்தது. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் வந்தது, மச்சானைத் தாண்டிப் போய்விட்டது. கறிக்குழம்பும் அவரைத் தாண்டிப் போனது. அவர் இலை மட்டும் பச்சையாகக் கிடந்தது. வரிசையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

ராசாத்தி மதினி ஒரு தூக்குவாளியோடு வந்தார். தம்பிக்கு முன்னால் குனிந்து, குழைந்த சோற்றை இலையில் வைத்து, அதில் சீரக ரசத்தை ஊற்றினார். ஓரத்தில் அவித்த சுரைக்காய். அவ்வளவுதான்.

மச்சான் இலையையே பார்த்தார். சாமிக்கு வெட்டின கிடாவில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, தாய்மாமனுக்கு இல்லை. நீ எப்படியும் மடித்துவிட்டுப் போகிறவன்தானே, உனக்கு எதற்குக் கறி என்று அக்கா சபையில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றினேன். எதிர்வரிசையில் ஹரிணி மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வயிறு கெட்டிருந்த சமயத்தில், அப்பா சாப்பிடாவிட்டால் அத்தை தப்பாக நினைக்கக் கூடாது என்று அவள்தான் சிவரஞ்சனிக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சரியான பிறகு அதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

மச்சான் எழுந்திருக்கவில்லை. இலையை மடிக்கவும் இல்லை. அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, இந்தத் தடவை தூசி என்று சொல்ல வழியில்லை.

"அக்கா," என்றார். "பசிக்குதுக்கா."

மதினி தூக்குவாளியை ஒதுக்கிவைத்தார். தம்பிக்கு வயிறு சரியில்லை என்றார்களே, கறி கூடாது என்றார்களே, அதனால்தான் விடிந்ததும் உனக்கென்று தனி அடுப்பு மூட்டி நானே பொங்கினேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.  வயிறெல்லாம் சரியாகிவிட்டது, காலையிலிருந்து யார் வீட்டிலும் ஒன்றும் தொடவில்லை, உன் வீட்டுக்கென்றே பட்டினியாக வந்தேன் என்று மச்சான் சொன்னார். சிறுபிள்ளை கணக்காக இலையைக் காட்டிக் கறி போடு என்றார்.

மதினி பரிமாறுகிற ஆளின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார். கறியை அள்ளி அள்ளி வைத்தார். மச்சான் ரசச் சோற்றை முதலில் வழித்துத் தின்றார், அக்கா தனியாகப் பொங்கியது அல்லவா. பிறகு கறிச்சோறு. அவசரப்படாமல், ஒவ்வொரு வாயையும் மென்று, ரசித்துச் சாப்பிட்டார். வீடியோ காலில் யாரும் இல்லை. அந்த இலையில் அவர் தனக்காக மட்டும் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை சோறு வந்தபோது பாதி வாங்கிக்கொண்டு, இலைக்கு மேலே கையை விரித்தார்.

"போதும்க்கா. நெறஞ்சிருச்சு."

 தாய்மாமன் போதும் என்று சொன்னால் அக்கா என்ன செய்வாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். மதினி குனிந்து இலையைப் பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. அவர் வாளியை அப்படியே தரையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்காரி கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் சாப்பிடுவாள். தம்பி சாப்பிடுவானா மாட்டானா என்று தெரியும் வரைக்கும் மதினி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மச்சானுக்கும் எனக்கும் நடுவில் இருந்த இத்தினிக்கூண்டு இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு எலை போடுங்கப்பா," என்றார். "பசி உயிரு போகுது."